'விரல் இருக்கு, ரேகையைக் காணோம்!' - புதியம்புத்தூர் டெய்லரம்மாவின் விசா அனுபவம்

"அம்மா, இன்னொரு தடவை வைங்க. கொஞ்சம் அழுத்தி வைங்க."

இது ஏழாவது தடவை. வலது கையின் நான்கு விரல்களையும் சேர்த்து அந்தக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்தார் அவர். கண்ணாடிக்குக் கீழே வெளிச்சம் ஓடியது. எதிரே இருந்த திரையில் நான்கு கட்டங்கள். சுண்டுவிரல் பச்சை. மோதிர விரலும் பச்சை. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சிவப்பாகவே நின்றன. கட்டைவிரலைத் தனியாக வைத்தபோதும் அதே சிவப்பு.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பொறுமையாகத்தான் இருந்தார். ஈரமான டிஷ்யூ பேப்பரைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். பிறகு காய்ந்த துணியால் துடைக்கச் சொன்னார். "கையை நல்லா தேய்ச்சு சூடு பண்ணிட்டு வைங்கம்மா" என்றார். எல்லாம் செய்தாயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், அவர் தன்னையறியாமல் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

சென்னையில் ஒரு விசா விண்ணப்ப மையம் அது. கனடாவில், டொரன்டோ பக்கம் இருக்கும் மகளுக்குக் கார்த்திகையில் பிரசவம். தலைப்பிரசவம். மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவந்து பேறுகாலம் பார்க்க வழியில்லாததால், தாய் அங்கே போவதாக ஏற்பாடு. பாஸ்போர்ட், பேங்க் கணக்கு, மருமகனின் அழைப்புக் கடிதம் என எல்லா பேப்பரும் சரியாக இருந்தன. கண்ணாடித் தட்டில் வைத்த மூன்று விரல்கள்தான் சரியாக இல்லை.

கடைசியில், "கிடைச்ச வரைக்கும் அனுப்புறோம்மா. பத்தலைன்னா திரும்பக் கூப்பிடுவாங்க" என்று சொல்லி ரசீதைக் கொடுத்தார் அந்தப் பெண்.

விண்ணப்பதாரருக்கு மட்டுமே உள்ளே அனுமதி என்பதால், வீட்டுக்காரர் வெளியே வேப்பமரத்தடியில் பையோடு நின்றிருந்தார். "என்னாச்சு?" என்றவரிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "களவாணிய நிப்பாட்டி வச்ச மாதிரி இருந்துச்சு."

தீப்பெட்டி ஆபீஸும் தையல் மிஷினும்

ஊரில் அவரை 'டெய்லரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது 58. தூத்துக்குடி மாவட்டம், ஓட்டப்பிடாரம் தாலுகாவில் இருக்கிறது புதியம்புத்தூர். சுற்றிலும் கரிசல் காடு. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் போடுகிற மானாவாரி பூமி. மழை ஏமாற்றினால் காடு ஏமாற்றும். அப்படிப்பட்ட ஊருக்குக் கைகொடுத்தது ரெடிமேட் தொழில். தெருவுக்குத் தெரு தையல் மிஷின் சத்தம் கேட்கிற ஊர் அது. நைட்டி, உள்பாவாடை, குழந்தைகள் உடுப்பு என்று கட்டுக்கட்டாகத் தைத்து வெளியூர்களுக்கு அனுப்புவார்கள். பல வீடுகளில் அடுப்பு எரிவது பெண்களின் தையல் கூலியில்தான்.

டெய்லரம்மா பிறந்தது கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில். அங்கே தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியிருக்கிறார். மருந்து முக்குவதற்காக, சட்டத்தின் பள்ளங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் தள்ளி அடுக்குகிற வேலை அது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்தால் இருட்டும் வரை ஓடும். பருத்தி வெடிக்கிற பருவத்தில் காட்டுக்குப் போவார். காய்ந்த பருத்திக் காயின் முனை விரலைக் கீறாமல் பஞ்சு வராது.

கல்யாணமாகிப் புதியம்புத்தூர் வந்த பிறகு தையல். முதலில் கை மடிப்பும் பிசிறு வெட்டும் வேலையும் பார்த்தார். பிறகு மிஷின் பிடித்தார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் கத்தரியை எடுக்கிற நேரம்கூட நஷ்டம்தான். நூலை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் நெம்பி 'டப்' என்று அறுத்துப் பழகிவிட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவர் எண்ணியதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான்.

வீட்டுக்காரருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். விளைந்த வருடம் சாப்பாட்டுக்கு ஆச்சு. மகளின் இன்ஜினீயரிங் ஃபீஸ் அதில் வரவில்லை. அது வந்தது மிஷினிலிருந்து.

ரயிலில் ஊர் திரும்பும்போது வீட்டுக்காரர் சொன்னார், "ரேகை தேஞ்சு போச்சுன்னு சொல்லாத. மக படிப்புக்குக் கட்டியாச்சுன்னு சொல்லு." அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

'திரும்ப வாருங்கள்'

இரண்டு வாரம் கழித்து மகளின் மெயிலுக்குச் செய்தி வந்தது. விரல் ரேகைப் பதிவின் தரம் போதவில்லை, மறுபடியும் பதிவு செய்ய வேண்டும் என்று.

அன்றைக்கு வீடியோ காலில் மகள் அதிகம் பேசவில்லை. "யம்மா, நீ வர முடியாமப் போயிருமோ?" என்று மட்டும் கேட்டாள். "ஏட்டி, நான் வராம வேற யாரு வருவா? கிறுக்கச்சி மாதிரி பேசாத" என்று சொல்லி போனை வைத்தவர், அன்று ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேகை இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

மறுநாள் தூத்துக்குடியில் ஒரு தோல் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு எளிமையாக விளக்கினார்.

நம் விரல் நுனியில் மேடும் பள்ளமுமாக வரிகள் இருக்கின்றன. கண்ணாடியில் விரலை வைக்கும்போது மேடுகள் கண்ணாடியைத் தொடும், பள்ளங்கள் தொடாது. அந்த வித்தியாசத்தைத்தான் கருவி படமாக்குகிறது. ஒரு வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளை பிரிகிறது என்ற புள்ளிகளைக் குறித்துக்கொள்கிறது. ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்தப் புள்ளிகள்தான். மேடு தேய்ந்து பள்ளத்தோடு சமமாகிவிட்டால் கருவிக்குப் படம் கிடைக்காது. தோல் வறண்டிருந்தால் வரி விட்டுவிட்டுத் தெரியும். வியர்வையோ எண்ணெயோ அதிகமாக இருந்தால் வரிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

வயதானால் தோலின் இழுவைத் தன்மை குறையும், வரிகள் தட்டையாகும். அதோடு வேலையும் சேர்ந்தால் தேய்மானம் கூடும். தையல்காரர்கள் மட்டுமல்ல. கொத்தனார், சித்தாள், செங்கல் சூளைத் தொழிலாளி, உப்பளத்தில் வேலை செய்பவர், பாத்திரம் தேய்ப்பவர், சோப்புத்தூளில் நாள் முழுக்கக் கை வைப்பவர் என்று பலருக்கும் இது வரும். கரப்பான் உள்ளவர்களுக்கும் வரும்.

"அப்ப எனக்கு ரேகையே போயிருச்சா டாக்டர்?"

"போகலைம்மா. ரேகையோட அச்சு தோலுக்கு அடியில இருக்கு. மேல் தோல்தான் தேய்ஞ்சிருக்கு. தோல் கிட்டத்தட்ட ஒரு மாசத்துல தன்னைப் புதுப்பிச்சுக்கும். தேய்க்கிற வேலையை நிறுத்தினா ஓரளவு திரும்ப வரும். முழுசா வரும்னு சொல்ல மாட்டேன், வயசும் இருக்குல்ல."

இன்னொன்றும் சொன்னார். அந்த அச்சு உருவாவது தாயின் வயிற்றில். கரு மூன்று மாதத்தைத் தொடும்போது விரல் நுனியில் வரிகள் தோன்றத் தொடங்கி, ஆறாவது மாதத்துக்குள் வடிவம் நிலைத்துவிடும். அதன் பிறகு ஆயுசுக்கும் மாறாது. மகளுக்கு அப்போது ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

சிங்கப்பூர் முதல் சுவிட்சர்லாந்து வரை

டெய்லரம்மாவுக்கு நடந்தது ஊரில் யாருக்கும் நடக்காத அதிசயமாகத்தான் முதலில் தெரிந்தது. ஆனால், எல்லைகளில் விரல் ரேகை கேட்கத் தொடங்கிய காலத்திலிருந்தே உலகம் முழுவதும் இந்தச் சிக்கல் இருக்கிறது.

2008 டிசம்பரில் சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயது புற்றுநோயாளி ஒருவர், உறவினர்களைப் பார்க்க அமெரிக்கா போனார். விமான நிலையத்தில் அவருடைய விரல்களில் ரேகையே கிடைக்கவில்லை. நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்து விசாரித்த பிறகே உள்ளே விட்டார்கள். அவர் மூன்று வருடத்துக்கும் மேலாகச் சாப்பிட்டுவந்த 'கேப்சிடபின்' என்ற புற்றுநோய் மாத்திரைதான் காரணம். உள்ளங்கை, உள்ளங்கால் தோல் சிவந்து உரிவது அந்த மாத்திரையின் பக்கவிளைவுகளில் ஒன்று. அவருக்குச் சிகிச்சையளித்த டாக்டர், இந்த மருந்தை எடுப்பவர்கள் வெளிநாடு போகும்போது மருத்துவரின் கடிதத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று 2009-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்.

அதற்கு முந்தைய வருடம், 2007-ல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் அமெரிக்க எல்லையில் தடுமாறினார். அவருக்குப் பிறவியிலேயே விரல் ரேகை கிடையாது. அவர் குடும்பத்தில் 9 பேருக்கு அப்படி. 2011-ல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மிக அரிதான அந்தக் குறைபாட்டுக்குத் தோல் மருத்துவர் பீட்டர் இட்டின் வைத்த செல்லப்பெயர், 'இமிக்ரேஷன் தாமத நோய்'. வேறு எந்தத் தொந்தரவும் பெரிதாகத் தராத ஒரு குறைபாடு, எல்லையைத் தாண்டும்போது மட்டும் நோயாகிவிடுகிறது.

தட்டப்பாறையைத் தாண்டும் ரயில்

தூத்துக்குடியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால், சிறிது நேரத்திலேயே தட்டப்பாறை ஸ்டேஷனைக் கடந்துவிடும். புதியம்புத்தூருக்குப் பக்கத்து ஊர்தான். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களைக் கப்பலேற்றும் முன் தங்கவைத்துச் சோதித்த முகாம் ஒரு காலத்தில் இங்கே இருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று அடையாளம் காண, எண் பொறித்த தகரத் துண்டு கொடுத்து அனுப்பினார்கள். கடல் தாண்டுகிறவரை 'நீ யார்' என்று கேட்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கேட்கிற விதம்தான் மாறியிருக்கிறது.

கைரேகையை அடையாளமாக்கும் வழக்கம் வளர்ந்ததும் நம் நாட்டில்தான். 1858-ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில், வில்லியம் ஹெர்ஷெல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ரோடு போடச் சரளை கொடுக்க ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கை அச்சைப் பத்திரத்தில் வாங்கினார். 1897-ல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு தொடங்கியது. அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய போலீஸ் அதிகாரிகளின் உழைப்பில் உருவான வகைப்படுத்தும் முறை, அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில் உலகமெங்கும் போனது.

அந்த முறை இந்தியர்கள் மேலேயே பாய்ந்தது தென்னாப்பிரிக்காவில். டிரான்ஸ்வாலில் வாழும் ஆசியர்கள் எல்லோரும் பத்து விரல் ரேகையையும் கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும் என்று 1906-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குற்றவாளிகளைப் போல நடத்துகிறார்களே என்று இந்தியர்கள் கொதித்தார்கள். 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கூடி, அடிபணிய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். காந்தியின் சத்தியாகிரகம் அங்கேதான் பிறந்தது. அரசோடு சமரசம் ஏற்பட்டு, தானாக முன்வந்து பதிவுசெய்ய 1908 பிப்ரவரி 10 அன்று காந்தி போனபோது, அதை ஏற்காத ஒருவரால் தாக்கப்பட்டார். கூடப் போன தமிழர் தலைவர் தம்பி நாயுடுவும் அடிபட்டார். அரசு வாக்குத் தவறியதும், அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்களைத் தீயில் போட்டார்கள்.

அன்றைக்குக் கொடுக்க மாட்டோம் என்பது போராட்டம். இன்றைக்குக் கொடுக்கத் தயாராக நிற்கிறவரின் விரலைக் கருவி வாங்க மறுப்பது பிரச்னை. ஆனால், நூறு வருடத்துக்கு முன்பு அவர்கள் சொன்ன அந்த உணர்வு, குற்றவாளி போல நிற்கிற உணர்வு, சென்னை கவுன்ட்டரில் முந்தானைக்குள் போன அந்தக் கையிலும் இருந்தது.

விதிகளில் வழி இருக்கிறது

உண்மையில் பெரும்பாலான நாடுகளின் விதிகளிலேயே இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். விஷயம் தெரியாமல்தான் பலர் பயப்படுகிறார்கள்.

கனடா 2018 டிசம்பர் 31 முதல் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாட்டவரிடம் பத்து விரல் ரேகையும் போட்டோவும் வாங்குகிறது. பொதுவாக 14 வயது முதல் 79 வயது வரை உள்ளவர்கள் கொடுக்க வேண்டும். ஒரு முறை கொடுத்தால், சுற்றுலா, படிப்பு, வேலை விசாக்களுக்கு 10 ஆண்டு செல்லும். அதற்கான கடிதம் வந்ததும் 30 நாள்களுக்குள் நேரில் போய்க் கொடுத்துவிட வேண்டும்.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசா விதிகள் இன்னும் தெளிவு. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு விரல் ரேகை தேவையில்லை. பத்து விரலும் பதியாவிட்டால், எத்தனை பதிகிறதோ அத்தனை போதும். உடல்ரீதியாகக் கொடுக்கவே முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு. காயம், கட்டு போன்ற தற்காலிகக் காரணம் என்றால் அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவரின் விரல் ரேகை இரண்டு முறை எடுத்தும் தேறவில்லை என்றால், அவர் வசித்த ஊர்களின் போலீஸ் சான்றை வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தை நடத்துகிறார்கள்.

நம் ஊர் ஆதாரிலும் இதே கதைதான். 2023 டிசம்பரில் கேரளத்தின் குமரகத்தில், கையில் விரல்களே இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் கிடைக்காத செய்தி வெளியானது. அதன் பிறகு மத்திய அரசு, விரல் ரேகை இல்லாதவர்கள் கருவிழிப் பதிவை வைத்து ஆதார் பெறலாம், இரண்டும் இயலாதவர்களுக்கும் ஆதார் மறுக்கப்படாது என்று விளக்கியது.

ஆக, ரேகை விழாதது குற்றமும் இல்லை, விசாவுக்கான கதவு மூடிவிட்டது என்ற அர்த்தமும் இல்லை. தாமதம் ஆகலாம். அந்தத் தாமதத்தைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே விண்ணப்பிப்பது முக்கியம். சிகிச்சையோ தோல் பிரச்னையோ இருந்தால் டாக்டர் கடிதம் கையில் இருக்கட்டும். பதிவுக்கு முந்தைய நாள்களில் மருதாணி வேண்டாம். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறிய பிறகு தேதி வாங்குங்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்ததுமே, "எனக்கு ரேகை சரியா விழாது" என்று சொல்லிவிடுங்கள். மறைப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மூன்று வாரம் மிஷின் ஓடவில்லை

டாக்டர் சொன்னபடி டெய்லரம்மா மிஷினை மூடிப் போட்டார். பாத்திரம் தேய்ப்பதை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். ராத்திரியில் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய். உளுந்து விதைப்பு நேரம், ஆனாலும் காட்டுப் பக்கம் போகவில்லை. தீபாவளி நெருங்குகிறது, கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. "மதினி, நாலு கட்டாவது முடிச்சுக் குடுங்க" என்று வந்து நின்றவர்களைத் திருப்பி அனுப்பினார். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத கை, சேலை ஓரத்து நூலை அறுக்கப் போகும். சட்டென்று இழுத்துக்கொள்வார்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் முத்துநகர். இந்த முறை எண்ணெய் தடவாமல், கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போனார். உட்கார்ந்ததும் டாக்டர் கடிதத்தை நீட்டி, "பிள்ள, எனக்கு இந்த மூணு விரலும் தேஞ்சது. நீ சொல்லுத மாதிரி வைக்கேன்" என்றார். கவுன்ட்டரில் வேறு ஒரு பெண். அவரே எழுந்து வந்து டெய்லரம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணாடியில் அமர்த்தினார். கட்டைவிரல் பச்சை. நடுவிரல் நாலாவது தடவையில் பச்சை. ஆள்காட்டி விரல் மட்டும் கடைசிவரை மசியவில்லை.

"ஒன்பது நல்லா வந்திருக்கும்மா. பத்தாவதுக்குக் குறிப்பு போட்டு அனுப்புறேன்."

இந்த முறை திரும்ப வரச் சொல்லி மெயில் வரவில்லை. விசா வந்தது. ஆனால் பேரன் அதற்குக் காத்திருக்கவில்லை. சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னதாகவே பிறந்துவிட்டான். மகள் ஆஸ்பத்திரியில் வலியோடு இருந்த ராத்திரி, டெய்லரம்மா புதியம்புத்தூரில் சுக்கும் திப்பிலியும் இடித்துக்கொண்டிருந்தார். பிறந்து ஒன்பதாவது நாள்தான் அவரால் போய்ச் சேர முடிந்தது. பேறுகால மருந்து, கருப்பட்டி, கோவில்பட்டி கடலை மிட்டாய் எல்லாம் பெட்டியில்.

அங்கே விமான நிலையத்திலும் ஒரு மெஷின். பாஸ்போர்ட்டை வைத்து, விரலை வைக்கச் சொன்னது. வைத்தார். மறுபடி வைக்கச் சொன்னது. கடைசியில் ஒரு சீட்டைக் கக்கியது. அதை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார். அவர் கேட்டது டெய்லரம்மாவுக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர், "ஏன் வந்தனீங்கள் எண்டு கேக்கினம்" என்று எடுத்துச் சொன்னார். "பேறுகாலம் பாக்க" என்றார் டெய்லரம்மா. அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

ஐந்து மாதம் பேரனைக் குளிப்பாட்டிவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். மகள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொன்னாள். "உங்கப்பா தனியா கிடக்காரு" என்று சொல்லிவிட்டார். வந்த மூன்றாம் நாள் மிஷினில் உட்கார்ந்தார்.

இப்போது பக்கத்து மிஷினில் தைக்கிற பெண்ணுக்கு வெளிநாட்டில் வீட்டு வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. வயது முப்பதுதான். ஆனால் ரேஷன் கடையில் அவளுக்கு விரல் பதிந்து பல மாதமாகிறது, கண்ணை வைத்துத்தான் அரிசி வாங்குகிறாள். ஊரில் யாருக்கு விசா வேலை என்றாலும் டெய்லரம்மாவிடம்தான் யோசனை கேட்கிறார்கள். அவளும் கேட்டாள்.

"மூணு வாரம் முன்னாலயே மிஷின விட்டு எந்திரிச்சிரு பிள்ள. நூலக் கையால அறுக்காத. டாக்டர்ட்ட ஒரு லெட்டர் வாங்கிக்க. எல்லாம் சரியாயிரும்."

அவள் தலையாட்டினாள். ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தாமலேயே கேட்டாள்: "சரிதான் சித்தி. அந்த மூணு வாரக் கூலிக்கு எங்க போவேன்?"

டெய்லரம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. கத்தரியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.